சிகரெட் பெட்டிக்குள் பரிசு அட்டை: கேட்டவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: மதுரை கே.புதூரில் சிறிய டிசைன் அலுவலகம் வைத்திருக்கிறேன். மிட்டாய்ப் பெட்டி, ஊதுபத்தி அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இங்கே வடிவமைத்து சிவகாசியில் அச்சடித்துக் கொடுக்கிறேன். திண்டுக்கல் பக்கத்து வியாபாரி ஒருவர் புதிய சிகரெட் பிராண்டுக்கு, மேல்மூடி திறக்கும் 20 குச்சிப் பெட்டி கேட்கிறார். பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை வைக்க வேண்டுமாம். சுரண்டினால் பரிசு, ஐந்து அட்டை சேர்த்தால் லைட்டர் இலவசம் என்று அதில் அச்சடிக்க வேண்டும். முதல் தவணை 10,000 பெட்டி. அட்டையின் அளவு, தாள், எப்படி உள்ளே நிற்க வைப்பது என்று சொல்லுங்கள். முன்பணம் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்: முன்பணத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். இந்தியாவில் விற்கும் சிகரெட் பெட்டிக்குள் பரிசு அட்டை வைக்க வழியில்லை. இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல் வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எழுதியே அவருக்குத் தெரிவியுங்கள்.

அவர் சும்மா விடமாட்டார். 2003-ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5(2)-ஆம் உட்பிரிவை எடுத்துக் காட்டக்கூடும். புகையிலைப் பொருள் அடங்கிய பெட்டியின் மேலோ உள்ளேயோ இருக்கும் விளம்பரத்துக்கு அங்கே ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த விதிவிலக்கு அந்த ஒரு உட்பிரிவுக்கு மட்டும்தான். உற்பத்தி, விநியோகத்தில் இருப்பவர்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்னும் 5(1)-க்கு அது பொருந்தாது. நன்கொடை, அன்பளிப்பு, பரிசு, உதவித்தொகை இவற்றுக்கு ஈடாகப் புகையிலைப் பொருளையோ அதன் பிராண்டையோ பரப்பக்கூடாது என்னும் 5(3)-க்கும் பொருந்தாது. இலவச லைட்டரையும் அதன்கீழ் கொண்டுவந்து நிறுத்த இடமுண்டு. போதாததற்கு, பயன்பாட்டையோ பிராண்டையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ தூக்கிப்பிடிக்கும் வாசகமும் படமும் புகையிலைப் பெட்டியில் இருக்கக்கூடாது என்று 2008-ஆம் ஆண்டு பெட்டி மற்றும் லேபிள் விதிகள் தனியாகத் தடுக்கின்றன. அட்டையில் பரிசைப் பற்றி ஒன்றும் எழுதாமல் க்யூஆர் கோடு மட்டும் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பார். ஸ்கேன் செய்தால் பரிசுப் பக்கம்தானே திறக்கப் போகிறது? வேறுபாடே இல்லை.

5-ஆம் பிரிவை மீறினால், முதல் முறைக்கு 22-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 5 ஆண்டும் 5,000 ரூபாயும் வரை போகும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், சிறை என்ற சொல்லைப் பாருங்கள். 5(3) தயாரிப்பாளரை மட்டும் குறிப்பதில்லை. எந்த நபரும் என்றுதான் தொடங்குகிறது. வடிவமைத்தவர் நான் இல்லை என்று பிறகு சொல்லிக்கொள்ள, உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு இடம் கொடுக்காது.

பரிசு அட்டையைக் கைவிட்டு, வெறும் பெட்டி போதும் என்று அவர் இறங்கி வந்தால், முதலில் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். சிகரெட் தயாரிக்க 1951-ஆம் ஆண்டு தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்கீழ் மத்திய அரசின் தொழில் உரிமம் கட்டாயம். நினைத்தவுடன் தொடங்கும் தொழில் இல்லை இது. வேடசந்தூர், திண்டுக்கல் பக்கம் விளைவது பெரும்பாலும் மெல்லும் புகையிலையும் சுருட்டுப் புகையிலையும்தான். சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலை ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விளைகிறது. அதனால் குச்சியை யார், எங்கே உருட்டுகிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

உரிமம் இருந்தாலும் பெட்டியில் உங்களுக்குக் கிடைக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்துவிடுங்கள். கிங் சைஸ் குச்சி சுமார் 84 மி.மீ. நீளம், 7.8 மி.மீ. விட்டம். 20 குச்சியை 7, 6, 7 என மூன்று வரிசையாக அடுக்குவார்கள். நடு வரிசை ஆறும் இடைவெளிப் பள்ளங்களில் உட்காருவதால் ஆழம் 23.4 வராது, 21.3-இல் நின்றுவிடும். ஆகவே பெட்டி ஏறக்குறைய 55 அகலம், 22 ஆழம், 87 உயரம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் 85 சதவீதம் எச்சரிக்கைக்குப் போய்விடும். அதில் படம் 60, எழுத்து 25. 87 மி.மீ. உயரத்தில் எச்சரிக்கை மட்டும் 74 மி.மீ. பிராண்டு பெயருக்கு மிஞ்சுவது 13 மி.மீ. பட்டை. எச்சரிக்கை மேல் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும், 3.5 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாது, நான்கு வண்ணம், குறைந்தது 300 டிபிஐ. 1800-11-2356 என்ற புகை நிறுத்த உதவி எண் கறுப்பின்மேல் வெள்ளையில் வர வேண்டும். படங்கள் சுழற்சி முறையில் மாறுவதால், சுகாதார அமைச்சகம் வெளியிடும் அசல் கோப்பை அச்சுக்குப் போகும் வாரத்தில் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். பழைய வேலையிலிருந்து எடுத்து ஒட்டினால் காலாவதியான படம் அச்சாகிவிடும். நிறத்தை மங்கலாக்குவது, அழகுக்காக ஓரத்தை மழுக்குவது இரண்டும் கூடாது.

ஏற்றுமதிக்குத்தான் என்பாரானால், இந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஏற்றுமதிக்கு விலக்குத் தருகிறது. அதனால் வேலை சுலபமாகிவிடாது, போகும் நாட்டின் சட்டம் வந்து உட்காரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 65 சதவீத எச்சரிக்கையோடு, தள்ளுபடிச் சீட்டு போன்றவற்றுக்கும் தடை. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் பிராண்டு அலங்காரம் எதுவும் இல்லாத மங்கல் பழுப்புப் பெட்டிதான். வேடிக்கை என்னவென்றால், உள் அட்டை சில நாடுகளில் கட்டாயம். கனடா 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே அதைக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல். ஆனால் அதில் அச்சாவது புகைப்பதை விடுவதற்கான யோசனைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய காகிதப் பொட்டலத்துக்குள் குச்சி நசுங்காமலிருக்க வைத்த விறைப்பு அட்டையில்தான் படம் அச்சடித்துச் சேகரிக்கச் சொல்லும் வழக்கம் தொடங்கியது. அதே அட்டை இன்று இந்த வேலைக்கு வந்திருக்கிறது.

உங்கள் கேள்வியின் மறுபாதியான அளவு, தாள், நிற்கும் விதம் ஆகியவை வீணாக வேண்டாம். மேல்மூடிப் பெட்டிக்குள் அட்டை வைக்கும் நுட்பத்தைத் தூபக்குச்சிக்கோ சாம்பிராணிக் குச்சிக்கோ அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் சுரண்டினால் சிலருக்கு மட்டும் பரிசு என்பது அங்கேயும் வேண்டாம், வாங்குபவர்களில் அதிர்ஷ்டத்தால் தேர்ந்தவருக்குப் பரிசு தரும் திட்டங்களை 1979-ஆம் ஆண்டு தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம் தடுக்கிறது. எல்லோருக்கும் ஒரே சலுகை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. பெட்டியின் நிறமும் எழுத்தும் ஏதாவது சிகரெட் பிராண்டை நினைவூட்டாமல் இருந்தால் போதும்.

பெட்டி முடிந்த பிறகு அட்டையைத் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அட்டையின் தடிப்பு, டை (பெட்டியை வெட்டும் அச்சு) போடும் முன்பே கணக்கில் வந்துவிட வேண்டும். 200 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு ஏறக்குறைய 0.2 மி.மீ.; உரசாமல் இறங்க இன்னும் 0.3 விடுங்கள். ஆக, உள் ஆழத்தில் 0.5 மி.மீ. கூட்டுங்கள். கூட்டாமல் விட்டால் முன்பக்கம் உப்பும், மூடி கீழே முழுதாக இறங்காது, இரண்டு மூன்று நாளில் பக்கவாட்டு ஒட்டு விடும். கைவேலையில் ஒட்டியவர் மேல் பழி போவதும் இதனால்தான், பசை மேல் தப்பே இருக்காது. மடித்த நான்கு பக்கத் தாள் வேண்டுமென்றால் 100 ஜிஎஸ்எம்முக்கு மேல் போகாதீர்கள். மடிப்பு விரியப் பார்க்கும், அந்த விசை தடிப்பைவிடப் பெரிய தொல்லை.

இந்த வகைப் பெட்டியில் வெளி அட்டைக்குள் முன்பக்கத்தையும் இரு பக்கங்களையும் தழுவி ஓர் உள் சட்டம் நிற்கும். மூடி அதன்மேல்தான் கவ்வுகிறது. அந்தச் சட்டத்துக்கும் ஃபாயில் சுற்றிய குச்சிக்கட்டுக்கும் நடுவே முன்பக்கமாக அட்டையை வையுங்கள். பின்பக்கம் வைத்தால் மூடியின் கீல் மடியும் இடத்தில் அட்டை முனை இடிக்கும். உள் அகலம் 55 என்றால் அட்டை 50, உயரம் 80. மேல் முனைகள் இரண்டையும் 3 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிட்டால் கையால் போடுபவருக்கு வேகம் கூடும்.

பெட்டிக்கு 230 ஜிஎஸ்எம் எஃப்.பி.பி. (மடிப்புப் பெட்டிக்கான) போர்டு எடுத்துக்கொள்ளுங்கள், தடிப்பு சுமார் 0.35 மி.மீ. கிரீசிங் வாய்க்காலின் (மடிப்புக் கோடு பதியும் பள்ளம்) அகலம், போர்டின் தடிப்பைப்போல் ஒன்றரை மடங்கும் ரூலின் (கோட்டை அழுத்தும் தகடு) தடிப்பும் சேர்ந்தது. 0.7 ரூலுக்கு ஏறக்குறைய 1.2 மி.மீ. வரும். தாளின் கிரெய்ன் (நார் ஓடும் திசை) பெட்டியின் உயரவாக்கில் ஓடட்டும். கீல் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுவதால் திறந்து மூடித் திறந்து மூடி அறுந்துபோகாது. இதற்கு விலை உண்டு: நாருக்குக் குறுக்கே மடியும் இடத்தில் அடர் நீலமோ கறுப்போ போட்டால் வெள்ளைக் கீறல் தெரியும். அந்த மடிப்பில் வெளிர் நிறம் வையுங்கள், இல்லையென்றால் லேமினேஷன் செய்யுங்கள்.

உள் அட்டையிலும் கிரெய்ன் உயரவாக்கில்தான். இங்கே தாள் வாங்கும்போதே கவனம் வேண்டும். 15க்கு 20 அங்குலத் தாளில் ஓரம் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் மிச்சம்) விட்டு 56க்கு 86 என்று அடுக்கினால் குட்டைப் பக்கத்தில் 4, நீளப் பக்கத்தில் 9 வரும். 9 வைத்தால் இரு ஓரத்திலும் 2 மி.மீ.தான் மிஞ்சும், தாள் சற்று நகர்ந்தாலும் கடைசி வரிசை போச்சு. 8 வையுங்கள், தாளுக்கு 32. 10,000 அட்டைக்கு 313 தாள், மேக்-ரெடிக்கும் (அச்சைச் சரிசெய்ய ஓட்டும் தாள்) கழிவுக்கும் நூறு சேர்த்து 415 வெட்டச் சொல்லுங்கள். இப்படி அடுக்கும்போது கிரெய்ன் 15 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். 20க்கு 30 தாளில் கிரெய்ன் 30 பக்கமாக ஓடினால், அதை நடுவில் வெட்டிய பாதியில் தானாகவே அப்படி அமையும். ஏற்கெனவே 15க்கு 20 ஆக வெட்டி வைத்திருக்கும் கட்டில் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு துண்டை எடுத்து இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள். சுலபமாகச் சுருளும் திசைக்குக் குறுக்காக ஓடுவதுதான் கிரெய்ன்.

ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை ஐப்பசி மழையில் சுருளும். படலம் இல்லாத பக்கம் ஈரம் குடித்து விரியும், அட்டை படலத்தின் பக்கமாக வளையும். சித்திரை வெயிலில் சரியாக இருந்த அதே அட்டை நவம்பரில் பெட்டியை உள்ளிருந்து தள்ளும். உள் அட்டைக்கு லேமினேஷனே வேண்டாம், இரு பக்கமும் அக்வஸ் கோட்டிங் (நீர் கலந்த மெல்லிய பூச்சு) போதும்.

வாசனைப் பொருளோடு அச்சுத்தாளை மூடி வைப்பதால் மையும் கவலைதான். ஆஃப்செட் மை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வாடை அடங்க மூன்று நாள் எடுக்கும். அவசரப்பட்டு அடைத்தால் மை நெடி தூபத்தில் ஏறும். மறுபக்கம், தூபத்தின் எண்ணெய் அட்டையில் ஊறி எழுத்தைக் கரைக்கும். அதற்குத்தான் ஃபாயில் சுற்று, அதன் மடிப்பு அட்டை இருக்கும் பக்கம் வராமல் பின்பக்கம் வரட்டும். வாடையைச் சோதிக்க ராபின்சன் சோதனை என்று ஒன்று உண்டு. அச்சிட்ட தாளைத் துண்டுபோட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு துண்டு பால் சாக்லேட்டுடன், ஒன்றோடொன்று தொடாமல் மூடி வையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சாக்லேட்டைத் தின்று பார்த்தால், நாக்கு சொல்லிவிடும்.

எல்லோருக்கும் ஒரே சலுகை தரும் குறியீட்டை மறைக்கச் சுரண்டும் பூச்சு போடுவதென்றால், அது அட்டையின் முகப்பில், குச்சிக்கட்டை நோக்கி இல்லாமல் உள் சட்டத்தை நோக்கி இருக்கட்டும். உருண்டு உரசுவது குச்சிக்கட்டுதான். கடைசி தேதி, சலுகையை எங்கே வாங்குவது இரண்டும் அட்டையிலேயே அச்சாக வேண்டும்.

அடைக்கும்போது இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு ஒரே பெட்டிக்குள் போவதும், ஒன்றுமே போகாததும் நடக்கும். 100 பெட்டிக்கு எண்ணிய 100 அட்டைக் கட்டாகக் கொடுங்கள். நூறாவது பெட்டி மூடும்போது கட்டு தீர்ந்திருக்க வேண்டும். மிஞ்சினாலோ முன்னதாகவே தீர்ந்தாலோ, அந்த நூறையும் அடுக்கில் ஏற்றாமல் தனியே எடுத்து வைத்து அங்கேயே திறந்து பாருங்கள். அடுத்த கட்டோடு கலந்துவிட்டால் 10,000-ஐயும் பிரிக்க வேண்டிவரும்.