மாலகாவில் ஸ்பானிஷ் படிப்பு: சுற்றுலா பேக்கேஜையும் சேர்த்து வாங்கலாமா?

கேள்வி: ஸ்பெயினின் மாலகா நகரத்துக்கு நான்கு வாரம் ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன். கோர்ஸ் கட்டணத்தோடு இன்னும் 240 யூரோ கட்டினால் ஊர் சுற்றிப் பார்ப்பது, மியூசியங்கள், கிரனாதா நகரத்தில் இருக்கும் அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை-அரண்மனை வளாகம் எல்லாம் அடக்கம் என்கிறது பள்ளி. இந்த வாரமே கட்டினால் தள்ளுபடியாம். கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மாலகாவுக்குள் பார்க்க வேண்டியவற்றுக்கு இந்தப் பணம் தண்டம். உங்கள் கையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அல்கசாபா கோட்டைக்கு ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு மேல் அனுமதி இலவசம். பிக்காசோ மியூசியத்தில் அன்று மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். வரிசை நீளும், கொஞ்சம் முன்னாடியே போய் நின்றுவிடுங்கள். கோட்டை அடிவாரத்து ரோமானிய அரங்கத்துக்கு எப்போதும் காசு கிடையாது. 1951 வரை அது மண்ணுக்கடியில் கிடந்தது என்றால் நம்ப முடியாது. தெற்குக் கோபுரம் முடிக்கப்படாமலே நின்றுபோன கதீட்ரலை ஊர்க்காரர்கள் 'லா மான்கீத்தா', அதாவது ஒற்றைக் கைக்காரி என்பார்கள். எல்லாமே நடக்கிற தூரம்தான்.

அல்ஹம்ப்ரா விஷயம் வேறு. அங்கே கூட்டத்துக்கு வரம்பு உண்டு; சீசனில் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். வளாகத்தின் முக்கியப் பகுதியான நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைய வேண்டிய நேரம் டிக்கெட்டிலேயே இருக்கும். தவறவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த அரண்மனைகள் பேக்கேஜில் உண்டா? தோட்டங்களையும் கோட்டையையும் மட்டும் காட்டும் டிக்கெட்டும் இருக்கிறது. அதுவும் 'அல்ஹம்ப்ரா டூர்' என்ற பெயரில்தான் விற்கும். அரண்மனைகளைப் பார்க்காமல் திரும்புவதற்குப் போகாமலே இருக்கலாம். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா, பணம் திரும்புமா, கைடு எந்த மொழியில் பேசுவார் என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கவா அவ்வளவு தூரம் போகிறீர்கள்?

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று யாராவது தைரியம் சொல்வார்கள். குறிப்பிட்ட தேதிக்கு என்று வாங்கும் சுற்றுலா, பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை இல்லை. பள்ளியின் ரத்து நிபந்தனைதான் பேசும். அதனால் கோர்ஸுக்கு மட்டும் இப்போது கட்டுங்கள். அல்ஹம்ப்ரா டிக்கெட்டை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே எடுத்து, பஸ்ஸில் போய்வாருங்கள்.

அங்கே போனபின் ஏதாவது தகராறு வந்தால் 'ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்' கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தப் புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டியது மாலகா இருக்கும் அந்தலூசியா பகுதியில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கட்டாயம். பெயரைத் தடுமாறாமல் சொல்லிவிட்டால் பாதி கோர்ஸ் முடிந்த மாதிரி.