கேமிங் கம்ப்யூட்டர்: தயாராக வாங்குவதா, பாகங்களைத் தேர்ந்து அசெம்பிள் செய்வதா?

பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றும், இணையத்தில் விற்கப்படும் தயார் கம்ப்யூட்டரை வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும், மகன் தானே பூட்டிக்கொள்வதாகச் சொல்கிறான், விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாகங்களின் பட்டியலை நீங்களும் மகனும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பூட்டும் வேலையை மகன் செய்தாலும் சரி, கடைக்காரர் செய்தாலும் சரி என்பதே என் பதில். நம் பக்கத்தில் தயாராக வாங்குவதற்கும் தானே பூட்டுவதற்கும் நடுவே ஒரு வழி நெடுங்காலமாக இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவானாலும் பெங்களூர் எஸ்.பி. சாலையானாலும், எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் வாங்கினால் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ அங்கேயே பூட்டித் தரும் கடைகள் பல உண்டு. ஆகவே திருப்புளி பிடித்துப் பழக்கமில்லை என்பது தயார் கம்ப்யூட்டரை வாங்குவதற்கு ஒரு காரணமே ஆகாது. எந்தப் பாகம் உள்ளே போகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

தயார் கம்ப்யூட்டரின் விளம்பரத்தைக் கவனித்துப் பாருங்கள். கணக்கிடும் மூளையான பிராசசரின் பெயர், தற்காலிக நினைவகமான ராம் எத்தனை ஜிபி, காட்சிகளை வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயர், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. எவ்வளவு என்ற நான்கு விவரங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு எந்த மாடல், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். யாருடையது, ராம் ஒற்றைக் குச்சியா இரட்டைக் குச்சியா, வெளிப்பெட்டியான கேபினட்டுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது என்பவை பெரும்பாலும் இருக்காது. விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் விற்பனையாளர், வாங்குபவர் கேட்காத இடத்தில்தான் குறைப்பார். கம்ப்யூட்டர் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பவையோ பெரும்பாலும் அந்தக் கேட்காத இடங்களே.

அவற்றுள் முதலாவது எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தை மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் இந்தப் பெட்டி தரமற்றதாக இருந்தால், அது பழுதாகும் நாளில் மதர்போர்டையோ கிராபிக்ஸ் கார்டையோ சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போகக்கூடும். பெட்டியின் மேல் 500 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்பி முடிவெடுக்கக் கூடாது; அந்த அளவை நாள் முழுதும் தாங்குமா, மின்னோட்டமும் மின்னழுத்தமும் மீறும்போது தானாகத் துண்டித்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். 80 பிளஸ் சான்றிதழ் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதைத்தான் அந்தச் சான்றிதழ் முக்கியமாக அளக்கிறது, அதுவும் 23 டிகிரி வெப்பநிலையில். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சித்திரை மாதத்தில் நம் வீட்டு அறை 23 டிகிரியில் இருக்கப்போவதும் இல்லை. அதனால் சான்றிதழோடு, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வாரண்டி தரும் மாடலாகவும் பார்த்து எடுக்கச் சொல்வேன். வாட் அளவு மிகப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு 145 வாட் எடுக்கும். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசசர் உச்சத்தில் ஏறத்தாழ 90 வாட் எடுக்கும். மற்றவை எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டை ஒட்டித்தான் வரும். நல்ல தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். இதற்குத் தாராளம். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

அடுத்தது, ஒரே பெயரில் உலவும் வெவ்வேறு கிராபிக்ஸ் கார்டுகள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் போட்டிருந்தால் அது 2022இல் வந்த 8 ஜிபி கார்டாகவும் இருக்கலாம், 2024இல் வந்த 6 ஜிபி கார்டாகவும் இருக்கலாம். பின்னதில் நினைவகம் மட்டும் குறையவில்லை. கணக்கிடும் உட்கருக்கள் 2560இலிருந்து 2304 ஆகவும், நினைவகப் பாதையின் அகலம் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைந்துவிட்டன. ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயில் 16 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு. பெயர் அருகே ஜிபி எழுதாத விளம்பரத்தை நான் அதற்கு மேல் படிப்பதே இல்லை.

இதைவிட வருத்தம் தருவது, முப்பதாயிரம் ரூபாய்க்குள் ‘ஐ7 கேமிங் பிசி’ என்று பிள்ளைகளைக் குறிவைத்து விற்கப்படுபவை. அவற்றுள் பலவற்றில் இருப்பது 2012, 2013 காலத்து மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ7 பிராசசர். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்ததாகவும் இருக்கும். விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியல், சில விலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பிள்ளைகள் விரும்பி ஆடும் வாலரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் இயங்குவதில்லை. பல வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிக் கேபினட்டுக்குள் இப்படிப்பட்ட பாகங்களை வைத்து, விவரம் அறியாத பெற்றோரிடம் விற்பதை எவ்வளவு கண்டித்தாலும் தகும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் செய்யும் கேமிங் டெஸ்க்டாப்புகளின் நிலை வேறு. பாகங்கள் பெரும்பாலும் நேர்மையானவைதாம். விண்டோஸ் உரிமமும் விலையிலேயே அடங்கியிருக்கும். அசெம்பிள் செய்பவர்கள் தனியே கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு அது. ஆனால் அவற்றுள் சிலவற்றில் மதர்போர்டின் வடிவமும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அளவும், இணைப்பு முட்களும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கும். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவைக் கொண்டுவந்த பிறகுதான், யாருடைய மதர்போர்டையும் யாருடைய கேபினட்டிலும் பூட்டலாம் என்ற வசதி பரவியது. அந்த அளவை விட்டு விலகிய பெட்டியை வாங்கினால், பின்னாளில் எந்தப் பாகத்துக்கும் அதே நிறுவனத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டும். என்னோடு பணிபுரிந்த ஒருவர், தம் வீட்டில் இருந்த அத்தகைய கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு போட விரும்பி என்னை அழைத்தார். திறந்து பார்த்தால், கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பு அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை; கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் போடலாம் என்றால் மதர்போர்டில் வழக்கமான 24 முள் இணைப்பும் இல்லை. நல்ல நிலையில் இருந்த பிராசசரையும் ராமையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அவர் புதிதாக வாங்க நேர்ந்தது.

பட்டியலை நீங்களே போடுவதன் பெரும் பயன், அதில் நாளைய தேவையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது. மதர்போர்டில் பிராசசர் அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர்; அதன் வகைக்குப் பொருந்தும் பிராசசரை மட்டுமே அதில் போட முடியும். 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டு வாங்கியவர்களுள் பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் வெளிவந்த 5800 எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் போட்டுக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டோ 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு நின்றுபோனது. உங்கள் மகன் பிளஸ் ஒன் மாணவன் என்பதால், கல்லூரி முடியும் வரை இதே கம்ப்யூட்டர் உழைக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆகையால் ஏஎம்5 போர்டு ஒன்றை, ராம் போட நான்கு இடங்கள் இருக்கும்படி பார்த்து வாங்குவதையே நான் விரும்புவேன். ராமை எத்தனை ஜிபி வாங்கினாலும் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் நினைவகத்தின் பாதை பாதியாகச் சுருங்கி, ஆட்டத்தின் நடுவே காட்சி திக்கித் திக்கி வரும்.

வாரண்டி விஷயத்தில் தயார் கம்ப்யூட்டருக்கு ஓர் உண்மையான மேன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நீங்களாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக மூன்று ஆண்டும், எஸ்.எஸ்.டி.க்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் மாடலைப் பொறுத்து அதைவிட நீண்ட காலமும் வாரண்டி கிடைக்கும். பெரிய நிறுவனத்தின் பெட்டிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். ஆனால் பழுது வந்தால் எந்தப் பாகம் கெட்டது என்பதை நீங்களே கண்டுபிடித்து, அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டும் அல்லது கூரியரில் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பெட்டி என்றால் ஒரே தொலைபேசி எண். வீட்டுக்கே ஆள் வரும் திட்டமும் உண்டு. பெரிய நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்து, வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கக்கூடியவர் யாரும் இல்லை என்றால், அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. அசெம்பிள் செய்வதாக முடிவெடுத்தால், பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது ஆசை காட்டினாலும் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணோடு கூடிய பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது.

சந்தை நிலவரம் தலைகீழாகும் காலங்களும் வருவதுண்டு. 2020 முதல் 2022 வரை, எதிரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணக்குகள் போட்டு ஈட்டும் ‘மைனிங்’ வேலைக்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிச் சென்றதால், தனிக் கார்டு குறித்த விலையில் கிடைப்பதே அரிதாக இருந்தது. அப்போது கார்டோடு சேர்த்துத் தயார் கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். 2022 செப்டம்பரில் எதிரியம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியபின் அந்தத் தேவை மறைந்தது. 2025இன் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை மளமளவென ஏறியது. இத்தகைய வேளைகளில், பழைய விலைக்கு வாங்கி வைத்த பாகங்களைக் கொண்டு செய்த தயார் கம்ப்யூட்டர் மலிவாக அமைவது உண்டு. ஆகவே உங்கள் பட்டியலின் மொத்த விலையையும், அதே தரத்துப் பாகங்கள் உள்ள தயார் கம்ப்யூட்டரின் விலையையும் ஒரே நாளில் வைத்து ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் எழுதித் தருகிற விற்பனையாளர் குறைந்த விலை சொன்னால், தயங்காமல் அவரிடமே வாங்கலாம்.

ஒரு லட்சத்தில் பத்து சதவீதத்தைப் பலர் ஒதுக்க மறக்கும் யுபிஎஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் கேமிங் கம்ப்யூட்டர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். 1000 விஏ அளவில் ஒன்று வாங்குவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது மின்வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் வகைதானா என்று முதலில் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் இக்காலத்து எஸ்.எம்.பி.எஸ்.கள் சில அணைந்துவிடுகின்றன.

இனி மகன் தானே பூட்டுவது பற்றி. தாராளமாக விடுங்கள். இணைப்பிகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நுழையும். பழகாதவருக்கும் ஒரு பகல் பொழுது போதும். கவனம் வேண்டிய இடங்கள் சிலவே. ஏஎம்5 மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கும் மெல்லிய முட்களில் விரல் படவே கூடாது; அவை வளைந்தால் வாரண்டி கிடைக்காது. பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைக்க வேண்டும். கேபினட்டில் மதர்போர்டை வைப்பதற்கு முன், ஒவ்வொரு திருகுத் துளைக்கும் நேரே பித்தளைத் தாங்கி இருக்கிறதா, துளை இல்லாத இடத்தில் தாங்கி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராம் குச்சியை, ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை, அவன் எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகமாகவே அழுத்த வேண்டியிருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

முதன்முறை பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், உடனே அணைத்துவிட வேண்டாம். டிடிஆர்5 வகை ராம் உள்ள ஏஎம்5 போர்டுகள் முதல் தடவை ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை வந்தபின் பயாஸுக்குள் சென்று, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ராம் 4800 போன்ற அடிப்படை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தயார் கம்ப்யூட்டர்களிலும் இது இயக்கப்படாமலே வருவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வரும் சில நாட்களில் அவனுக்குப் பிடித்த கனமான ஆட்டங்களை மணிக்கணக்கில் ஓட்டி, வெப்பநிலையைக் கவனிக்கட்டும். பாகத்தில் குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். எத்தனை நாளுக்குள் கொண்டுவந்தால் கடையிலேயே மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும்போதே கேட்டுப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.