ரிசர்விஸ்ட் போகிறவரால் கம்பெனிக்கு என்ன லாபம்?

தம்பி, சிங்கப்பூரில் டீம் லீடாகச் சேர்ந்த கையோடு உங்கள் ஆள் ஒருவர் இரண்டு வாரம் ரிசர்விஸ்ட், அதாவது கட்டாய ராணுவச் சேவை முடித்தவர்களைத் திரும்பக் கூப்பிடும் பயிற்சிக்கு, கிளம்புகிறார், இதனால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, ஸ்கூல் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும் நம்மவர்கள் முதலில் பெயரைக் கெடுத்துக்கொள்வது இதில்தான். "நல்லா ஓசி லீவு" என்று வாய்தவறிச் சொன்னால் போதும், மொத்த டீமும் கையை விட்டுப் போய்விடும்.

அனுப்புவது சட்டப்படி கட்டாயம். கட்டாய முழுநேர ராணுவச் சேவை 2 வருடம் முடிந்த பிறகும் ஆண்டுக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். அந்த நாட்களின் சம்பளத்தைத் தற்காப்பு அமைச்சிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஹெச்ஆர் பார்த்துக்கொள்வார்கள்.

லாபத்துக்கு வருவோம். காலாட்படையில் ஒரு சார்ஜன்ட்டின் கையில் ஒரு செக்‌ஷன், அதாவது ஏழு பேர். இருபது வயதில் அவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், ஆயுதக் கணக்கு, காயம் என எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. வேலை சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு: நிலவரம், நோக்கம், யார் எதை எப்போது செய்வது, பொருள் எங்கிருந்து வரும், தலைவர் விழுந்தால் அடுத்தவர் யார். பிறகு கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதித் தவறு அங்கேயே பிடிபடும். பயிற்சி முடிந்ததும் ஏஏஆர், அதாவது நடந்ததை எல்லாரும் உட்கார்ந்து அலசுவது: என்ன நடக்க வேண்டியது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றம். பதவி பார்க்காமல் எல்லாரும் பேசுவார்கள்.

இப்படிப் பழகியவரிடம் ஷிஃப்ட் மாற்றத்தையோ மெஷின் ஷட்டவுனையோ கொடுத்துப் பாருங்கள். ஆள் கணக்கு முதலில் வரும், மாற்றுத் திட்டம் கூடவே வரும். கிளம்புமுன் அவர் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது அதே திருப்பிச் சொல்லும் முறையை வையுங்கள். மெயில் மட்டும் அனுப்பிவிட்டுப் போனால் மூன்றாம் நாளே போன் அடிக்க வேண்டிவரும். கேம்ப்பில் பல இடங்களில் போனே கூடாது. வருட ஆரம்பத்திலேயே தேதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒத்திவைக்கக் கேட்பதாக இருந்தால் தகுந்த காரணத்தோடு முன்கூட்டியே கேட்க வேண்டும்.

எல்லாரிடமும் இதை எதிர்பார்க்காதீர்கள். ஸ்டோரிலோ டிரைவராகவோ இருந்தவர் இந்தத் தலைமைப் பயிற்சிக்கே போயிருக்க மாட்டார். கமாண்டராக இருந்த சிலர் ஆபீஸிலும் அதட்டுவார்கள்; தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன் கேம்ப்பில் நூறு பேருக்கு மேல் உள்ள ராணுவப் பிரிவை (அதற்கும் கம்பெனி என்றுதான் பெயர்) நடத்திக்கொண்டிருக்கலாம், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். இண்டர்வியூவில் "அடுத்த ரிசர்விஸ்ட் எப்போ?" என்று கேட்டு ஆளைக் கழிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேட்காததையும் சொல்கிறேன். பிஆர் (நிரந்தரவாசம்) விண்ணப்பத்தில் மகனைச் சேர்த்தால் அவனும் ஒருநாள் சேவைக்குப் போக வேண்டும். குடும்பத் தலைவருக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. சலுகையெல்லாம் அனுபவித்துவிட்டு, பையனுக்குப் பதினாறு ஆனதும் பிஆரைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும் நம்மாட்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அப்படிச் செய்தால் அவன் பின்னால் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராகவே நிற்கும். ஃபார்மில் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.