முற்றத்தில் அடித்த சிவப்பு ஏன் சொரசொரத்தது?

கேள்வி: நானும் மகளும் சேர்ந்து 1/24 அளவில் டமியா நிறுவனத்தின் மோரிஸ் மினி கூப்பர் கார் பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டி வருகிறோம். பாடி சிவப்பு, கூரை வெள்ளை. பெயிண்டும் அதே நிறுவனத்தின் டிஎஸ் ஸ்ப்ரேதான். சீக்கிரம் காயட்டும் என்று, சித்திரை மதியத்தில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் வைத்து அடித்தேன். இப்போது சிவப்பைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. கூரையில் ஒட்டிய டேப்பை உரித்தால் ஓரமெல்லாம் சிவப்பு கசிந்திருக்கிறது. ஹார்டுவேர் கடைத் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: தின்னர் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். கிட்டில் இருப்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் பெயிண்டைக் கரைக்கிற வேகத்திலேயே பிளாஸ்டிக்கையும் கரைக்கும். கதவுக் கோடு, கைப்பிடி, முன் கிரில் எல்லாம் மழுங்கிப்போகும். நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான், அதில் அசிட்டோன் இருக்கும்.

உங்கள் பெயிண்டிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. சீக்கிரம் காய்ந்ததுதான் கோளாறு. டிஎஸ் ஸ்ப்ரே லாக்கர் வகை, அதாவது கரைப்பான் ஆவியாகிக் காய்கிற பெயிண்ட். டப்பாவிலிருந்து கிளம்பும் துளி ஈரமாகவே பாடியில் விழுந்து, பக்கத்துத் துளியோடு கலந்து சமமாகப் படிய வேண்டும். சித்திரை வெயிலில், அதுவும் காற்று சுழலும் திறந்த முற்றத்தில், துளி பாதி வழியிலேயே காய்ந்து தூளாகத்தான் வந்து உட்காரும். நம் பக்கத்துச் செம்மண் தூசியும் அதோடு சேர்ந்திருக்கும். டப்பா சூடாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பெயிண்ட் இன்னும் வேகமாகச் சீறும். குளிர் நாட்டுக்காரர்கள் டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதைப் பார்த்து நாமும் செய்ய வேண்டியதில்லை. கோடையில் அதை வெயில் படாத அறையில் வைத்தாலே போதும்.

சரி, இப்போது கையில் இருக்கும் பாடியைக் காப்பாற்றலாமா? பெரும்பாலும் முடியும். ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். மூக்கருகே கொண்டுபோனால் பெயிண்ட் வாசனையே வரக்கூடாது, அப்போதுதான் உள்வரை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்), பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். மினியின் கூரையும் பானெட்டும் வளைவானவை, அங்கே தைரியமாகத் தேய்க்கலாம். மட்கார்டு விளிம்பு, கதவு ஓரம், பானெட்டின் முனை ஆகிய இடங்களில் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். மேடான இடத்தில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு, இரண்டு தேய்ப்பில் அடிப்பூச்சு தெரிந்துவிடும். அந்த ஓரங்களில் மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டு மற்ற இடங்களைத் தேய்ப்பது நல்லது. சொரசொரப்பு போனதும் 2000 நம்பரில் ஒரு சுற்று. இப்போது பாடி பளபளப்பே இல்லாமல் மங்கலாக நிற்கும், பயப்பட வேண்டாம். அதன்மேல் அடிக்கும் சிவப்புதான் பளபளப்பைத் தரும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சை ஒவ்வொரு கையும் முந்தியதைவிட நைசாக ஏற்றி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள் அல்லவா, கார் பாடிக்கும் அதே வேலைமுறைதான். ஒரே கையில் கனமாகப் பூசினால் இங்கே இன்னொரு நஷ்டமும் உண்டு. 1/24 அளவில் பெயிண்ட் ஒரு சாதாரணத் தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மி.மீ., இருந்தால், நிஜக் காரில் அது 2.4 மி.மீ. கனத்துக்குச் சமம். நிஜ மினி சுமார் 3.05 மீட்டர் நீளம், உங்கள் மேஜையில் இருப்பது 12.7 செ.மீ. அவ்வளவு சின்ன உடம்பில் கனத்த பெயிண்ட் கதவுக் கோட்டை மூடி, காரைப் பொம்மையாகக் காட்டிவிடும். பெட்டிக்கடைப் பொம்மைக்கும் ஸ்கேல் மாடலுக்கும் கண்ணுக்குத் தெரியும் முதல் வித்தியாசம் இந்தக் கோடுதான் என்பது என் கட்சி.

மறுபடி அடிப்பது எப்படி என்றால், கோடையில் காலை ஏழு மணி வாக்கில், வெயில் இறங்காத முகப்புத் திண்ணையில் அடியுங்கள். பெரிய அட்டைப்பெட்டியை ஒருபக்கம் திறந்து படுக்கவைத்து, பாடியை உள்ளே ஒரு பாட்டில்மேல் நிறுத்துங்கள். டப்பா பாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பீய்ச்சலைப் பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள், நடுவில் நிறுத்தினால் அங்கேதான் வழியும். முதல் கோட் வெறும் தூறல். அடியில் இருப்பது தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்றாவது கோட்தான் ஈரம் மினுங்குகிற அளவுக்கு.

ஆடியில் அம்மியே பறக்கும் ஊர், அப்போது வெளியில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கோளாறு தலைகீழாக வரும். கரைப்பான் ஆவியாகும்போது பாடி குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, சிவப்பு பால் கலந்த மாதிரி வெளுக்கும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி மாட்டி, 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு டப்பாவை எடுக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கசிவு. சிவப்பு பாடி, வெள்ளைக் கூரை என்றால் ஆசைப்படாதவர் யார்! மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் ஜெயித்த மினிகளின் கோலம் அது (1966லும் முதலில் வந்தது, முகப்பு விளக்கைக் காரணம் காட்டி நீக்கிவிட்டார்கள்). முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு என்ற உங்கள் வரிசை சரிதான். தவறியது டேப்பின் ஓரம். சுவருக்கு ஒட்டுகிற மாஸ்கிங் டேப் தடிமனானது, மினி கூரையின் வளைவில் மடங்கி இடைவெளி விடும். மாடலுக்கென்றே வரும் மெல்லிய டேப்பை, கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் காடியின் மேல்விளிம்போடு ஒட்டி, பல்குத்தும் குச்சியால் ஓரத்தை நன்றாக நீவிவிடுங்கள். ஒட்டியதும் சிவப்பை எடுக்காதீர்கள். டேப் ஓரத்தில் அதே வெள்ளையை இன்னொரு முறை மெல்லிசாக அடியுங்கள். கசிவதானால் அந்த வெள்ளையே கசிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் சிவப்புக்கு வழியிருக்காது. சிவப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகும் முன், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள்.

இப்போதைய கசிவு கால் மி.மீ. என்றால் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை எனாமலைத் தொட்டு மறைத்துவிடலாம். லாக்கர்மேல் எனாமல் நிற்கும். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக் கிழியும், ஆகவே டிஎஸ் டப்பாவின் வேலை எல்லாம் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். தேய்த்தும் சரிவரவில்லை, முழுக்க உரித்தே ஆக வேண்டும் என்றால், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாடியை ஒரு நாள் மூடிவைத்து ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பிடிவாதமான இடம் இரண்டாம் தடவை ஊற வேண்டியிருக்கும்.

மகளும் கூட இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். துணி மாஸ்க் தூசிக்குத்தான், பெயிண்ட் ஆவிக்கு அல்ல. ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் உங்களுக்கு வேண்டும், அடிக்கும்போது அவள் தள்ளியே இருக்கட்டும். டப்பாவின் வாயுவும் ஆல்கஹாலும் தீப்பற்றுபவை. சாமி அறையில் விளக்கு எரியும் நேரத்தில் வளவுக்குள் எதையும் அடிக்காதீர்கள்.

ஜன்னல் கண்ணாடிகளை ஒட்டும் வேலையை மகளிடம் கொடுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், அதனால் ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு ஓரத்தில் வைத்தால், காய்ந்ததும் தடம் தெரியாது.