தையல் கிடக்கட்டும், காலைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 34. இரண்டு பிரசவத்துக்குப் பின் தொங்கிய வயிற்றுத் தோலை எடுத்து, விலகிய தசையைச் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் சென்னையில் செய்து 13 நாளாகிறது. காரில் ஊருக்கு வந்தேன். மாமியாரிடம் ‘குடலிறக்கம்’ என்று சொல்லியிருக்கிறோம். நேற்று அழுத 4 வயதுப் பையனைத் தூக்கிவிட்டேன். உள்தையல் பிரிந்திருக்குமோ என்று தூக்கமில்லை. அழகுக்கு ஆசைப்பட்டதற்குத் தண்டனையோ? தொப்புளுக்குக் கீழே மரத்திருக்கிறது, சாயங்காலம் வயிறு வீங்குகிறது, தழும்பு கன்றியிருக்கிறது. தோல் அழுகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். கார் பயணத்தில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு 2 நாளாகக் குடைச்சல், லேசான வீக்கம், தைலம் தேய்க்கிறேன். ஆடிப்பெருக்குக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும் போடுகிறேன்.

– மன்னார்குடி பக்கத்து வாசகி

பதில்: தைலத்தை மூடி வையுங்கள். இன்றைக்கே தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காலைக் காட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் என்றால், காலின் உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்நாளம்) ரத்தம் உறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. பெரிய ஆபரேஷன், நடமாட்டம் குறைவு, மணிக்கணக்காகக் கார். வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து மேலே பெல்ட்டும் கட்டியிருப்பதால் காலிலிருந்து ரத்தம் மேலேறுவதே மந்தம். அதற்கு மேல் அந்த மாத்திரை. தள்ளிப்போடக் கொடுப்பது பெரும்பாலும் நாரெத்திஸ்டிரோன். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு சிறு பங்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனாக மாறுகிறது. ரத்தம் உறைய அதுவும் ஒரு காரணமாகலாம். 13 நாள் முன்பு ஆபரேஷன் ஆனவருக்கு அதை எடுத்துக்கொடுத்த மெடிக்கலில் ஒரு கேள்வியாவது கேட்டார்களா? நிறுத்துங்கள். ஆடிப்பெருக்கு அடுத்த வருஷமும் வரும்.

கெண்டைக்காலைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ யாரையும் விடாதீர்கள். உறைந்த ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 108. மற்றபடி காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு டாப்ளர் ஸ்கேன் போதும், ஊசிகூடக் கிடையாது. உறைவு இருந்தால் சில மாதங்கள் மருந்து. இல்லையென்றால் வெறும் தசைப்பிடிப்பு. நிம்மதியாகத் திரும்பி வரலாம்.

அங்கே டியூட்டி டாக்டரிடம் ‘குடலிறக்கம்’ என்ற கதையைச் சொல்லாதீர்கள். என்ன ஆபரேஷன், என்றைக்கு, என்ன மாத்திரை, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். மாமியாரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். தண்டனை என்றெல்லாம் நினைக்க இதில் ஒன்றும் இல்லை. பிள்ளை சுமந்ததில் விலகிய தசை அது. அதைத் தைத்துக்கொண்டதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சரி, தையல். ஒரே ஒரு தடவை தூக்கியதில் உள்தையல் பிரிவது அபூர்வம். பிரிந்தால் சுரீரென்று வலி தெரியும், இருமும்போது வயிற்றில் புடைக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. மரத்துப்போனது மாதக்கணக்கில் இருக்கும். சிலருக்கு ஒரு சின்ன இடம் அப்படியே நின்றுவிடும். சாயங்கால வீக்கம் வழக்கம்தான். தழும்பு வெளிற ஒரு வருஷம் ஆகும். தோல் கறுத்து, நீர் கசிந்து, நாற்றமெடுத்தால் அன்றே சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். கன்றிய தழும்பு அதில் சேராது. அந்த வீடியோக்காரர் உங்கள் வயிற்றைப் பார்த்ததில்லை.

பையனை 6 வாரம் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடத்தையும்தான். அப்புறம் எப்போது தூக்கலாம் என்பதை உங்கள் சர்ஜன் சொல்லட்டும். அவன் அழுதால் கட்டிலில் உட்காருங்கள். அவனே ஏறி வந்து பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வான். வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணை மட்டும் இருக்கட்டும், 4 வயதுக் கால்கள் எந்தப் பக்கம் உதைக்கும் என்று சொல்ல முடியாது.