மேடு ஏறினால் அணையும் இ-பைக்: வாரண்டிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் ஒரு மின்சார பைக் வாங்கினேன். பதிவு எண் தேவையில்லாத, 250 வாட்டுக்குக் குறைந்த வகை. பேட்டரிக்கு 3 ஆண்டு, மோட்டாருக்கும் அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்கும் 1 ஆண்டு வாரண்டி. பத்தாவது மாதத்திலிருந்து மேடு ஏறும்போது டிஸ்ப்ளே உட்பட எல்லாமே அணைந்துவிடுகிறது. சமதரையில் நன்றாகவே ஓடுகிறது. முதலில் கன்ட்ரோலர் போய்விட்டது என்று மாற்றினார்கள். அடுத்த மாதம், மோட்டார் சுழலும் நிலையை அறியும் ஹால் சென்சார் என்றார்கள். இப்போது மோட்டாருக்குள் தண்ணீர் போய் காயில் எரிந்துவிட்டது, வாரண்டி முடிந்தது, பணம் கட்டுங்கள் என்கிறார்கள். பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். நடுவில் நண்பர் ஒருவர் வேக வரம்பை எடுத்துவிட்டார். இது வழக்கைக் கெடுக்குமா? நான் என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில், அந்த மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கும் வாரண்டி பேட்டரிக்கு மட்டும்தான். அதன் சீல் உடைந்த அன்றே "வெளியாள் பிரித்துவிட்டார்" என்ற பதில் எதிர்த்தரப்புக்குக் கிடைத்துவிடும். லித்தியம் பேட்டரியைத் தெரியாமல் பிரித்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் என் சந்தேகமும் பேட்டரி மேல்தான். நான் இன்ஜினியர் இல்லை. ஆனாலும் இந்த மாதிரி வழக்குகளில் எந்தப் பாகம் என்ற கேள்விதான் எந்த வாரண்டி என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் தெரிந்துகொண்டுதான் வாதாட வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலரோ ஹால் சென்சாரோ தகராறு செய்தால் பெரும்பாலும் மோட்டார் மட்டும் நிற்கும், அல்லது வெட்டி வெட்டி இழுக்கும். டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்கும், பிழைக் குறியீடு ஏதாவது காட்டும். டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைகிறது என்றால் மின்சாரம் வருவதே நின்றுபோகிறது என்று அர்த்தம். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் துண்டித்திருக்கலாம், இல்லை ஏதாவது இணைப்பு தளர்ந்திருக்கலாம். அணைந்த பிறகு சார்ஜரைச் செருகினால்தான் மறுபடி உயிர் வருகிறது என்றால் சந்தேகம் பிஎம்எஸ் பக்கம் இன்னும் வலுக்கிறது.

"மீட்டர் வைத்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பைக் நின்றுகொண்டிருக்கும்போது பார்த்த வோல்ட் அது. 13 செல்களைத் தொடராக வைத்த 48 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். ஒரு செல் வரிசை பலவீனமாகிப்போயிருந்தாலும் ஓய்வில் இந்த எண் ஏறக்குறைய சரியாகவே தெரியும். மேட்டில் மோட்டார் கரண்ட்டை இழுக்கும்போதுதான் அந்த வரிசை மட்டும் சரிந்து, பிஎம்எஸ் மொத்தத்தையும் துண்டிக்கும். ஆகவே லோடு கொடுத்துச் சோதித்தீர்களா, ஓய்வில் எத்தனை வோல்ட், லோடில் எத்தனை வோல்ட் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் நல்லதுதான், கேட்டதற்கான பதிவு உங்களிடம் இருக்கும். உங்கள் டிஸ்ப்ளேயில் வோல்ட் தெரிந்தால், வண்டியில் பின்னால் வேறொருவரை உட்கார வைத்து, அதே மேட்டில் அது இறங்கி அணைவதைத் தேதியோடு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்காதீர்கள்.

"காயில் எரிந்துவிட்டது" என்பதையும் அப்படியே விழுங்க வேண்டாம். காயில் எரிந்த மோட்டார் சமதரையில் எப்படி நன்றாக ஓடுகிறது என்று கேளுங்கள். சோதனை எளிது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் இணைப்பைப் பிரித்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், கியர் வைத்த ஹப் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும், முன்பக்கம் எப்படியும் தளர்வாகத்தான் சுற்றும். இணைப்பைப் பிரித்த பிறகும் விட்டு விட்டுப் பிடித்தால் காயிலில் ஷார்ட் இருக்கலாம். பிரித்ததும் இலகுவாகச் சுற்றினால் சந்தேகம் கன்ட்ரோலர் பக்கம் போகும். இதை அவர்கள் டெக்னீஷியனே உங்கள் கண் முன்னால் செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம். தண்ணீர் போனது என்றால் திறந்த மோட்டாரின் படத்தையும் கேளுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் வரும் புகார். உங்கள் கையில் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று பொருளில் குறைபாடு, மற்றொன்று சேவைக் குறைபாடு. பலர் முதலாவதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் எளிதில் நிற்கும். ஒரே அறிகுறிக்கு மூன்று முறை மூன்று பாகங்களைக் குற்றம் சொன்னது, அந்த இழுபறியில் மோட்டாரின் வாரண்டி காலத்தைக் கடத்தியது, இரண்டையும் அவர்களுடைய ஜாப் கார்டுகளே (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் சீட்டுகள்) சொல்லிவிடும். அதற்கு எந்தப் பாகம் கெட்டது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பத்தாவது மாதத்திலேயே சொன்ன அதே குறைதான் இன்றும் இருக்கிறது என்று காட்டிவிட்டால், "மோட்டார் வாரண்டி முடிந்தது" என்ற வாதமும் வலுவிழக்கும்.

எனவே ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "பொது செக்கப்" என்று கிறுக்கியிருப்பார்கள், இது வாடிக்கை. அப்படி இருந்தால் அப்போது நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப், மின்னஞ்சல், அழைப்புப் பதிவுகளைத் திரட்டுங்கள். அடுத்த முறை "மேடு ஏறும்போது டிஸ்ப்ளேயோடு அணைகிறது" என்று எழுத வைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பொருளில் குறைபாடு என்பதற்கு ஆய்வு தேவைப்படலாம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில், மாவட்ட நுகர்வோர் ஆணையமே பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப பிரிவு 38(2)(c) வழி செய்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். பேட்டரியைப் பிரிக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். முழு பைக்கையும் மாற்றித்தா என்று மட்டும் கேட்டால் ஏமாற வாய்ப்பு உண்டு. பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டியின் கடமை என்றால், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பேட்டரியை மாற்றி, பைக்கை மேட்டில் ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அது முடியாவிட்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். கூடவே இழப்பீடும் வழக்குச் செலவும்.

டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். அது எந்த நாள் என்று பிறகு வாதாட வேண்டி வராமல், முதல் ஜாப் கார்டு தேதியை வைத்தே கணக்குப் போடுங்கள். புகார் தருவதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வருகின்றன.

வேக வரம்புக்கு வருகிறேன். இதை மறைக்காதீர்கள், புகாரோடு பிரமாணப் பத்திரம் கொடுப்பீர்கள். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருப்பதால்தான் உங்கள் பைக் மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் தப்பிக்கிறது. வரம்பை நீக்கினால் அந்தப் பாதுகாப்பு போய், பதிவும் லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவர் ஆகிவிடுவீர்கள். இடையில் விபத்து நடந்திருந்தால் உங்கள் நிலைமை இந்த வழக்கைவிட மோசமாகியிருக்கும். இன்றே பழைய வரம்புக்குக் கொண்டுவாருங்கள். குறை தொடங்கியது வரம்பை எடுப்பதற்கு முன்பா பின்பா என்பது முக்கியம். முன்பு என்றால் தைரியமாகச் சொல்லலாம். பின்பு என்றாலும் அந்த மாற்றத்தால்தான் பேட்டரி கெட்டது என்று அவர்கள் காட்ட வேண்டும், சும்மா சொன்னால் போதாது.

வேலைக்குப் போக வேறு வழியில்லை, மோட்டாருக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன், என் உரிமைகளுக்குப் பாதிப்பின்றிச் செலுத்துகிறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, திறக்காமல் வீட்டில் வையுங்கள். புது மோட்டார் போட்ட பிறகும் அதே மேட்டில் பைக் அணைந்தால் அதையும் வீடியோ எடுத்து, மறுநாளே அடுத்த ஜாப் கார்டில் ஏற்றுங்கள்.