‘யார் தப்பு?’ என்பதோடு நிற்காத புத்தகங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு வள்ளியூர் பக்கம். தூத்துக்குடி அருகே ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. போன வருடம் எங்கள் நீராவி லைனில் ஒரு விபத்து. கூட வேலை பார்த்தவருக்குக் கையும் மார்பும் வெந்துபோயின. விசாரணை அறிக்கை ஒரே வரியில் முடிந்தது: ‘ஊழியரின் கவனக்குறைவு.’ அவரைப் போலக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. பெரிய ஆலைகளில் ஏன் இப்படி நடக்கிறது என்று யாராவது ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? இங்கிலீஷ் மெதுவாகத்தான் வாசிப்பேன்.

சுடலைமுத்து

அன்புள்ள தம்பி சுடலைமுத்து,

2022 மே மாதம் திருநெல்வேலி பக்கம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராத்திரி வேலையில் இருந்தவர்கள் மேல் பாறை சரிந்தது. மறுநாள் டீக்கடையில் முதலில் காதில் விழுந்த பேச்சு, “ராத்திரில அங்க என்னவே வேலை?” என்பதுதான். செத்தவன் மேலேயே பழி. உங்கள் ஆலை அறிக்கையும் அதே ரகம்.

விபத்துகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நல்ல புத்தகமா என்று பார்க்க எனக்கு ஒரு கேள்வி போதும். கடைசியில் ஒரு ஆளைக் கைகாட்டி நின்றுவிடுகிறதா, அல்லது அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற அந்த ஆளுக்கு அது ஏன் சரியாகப் பட்டது என்று சொல்கிறதா?

ரிச்சர்ட் குக் எழுதிய ‘ஹௌ காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ் ஃபெயில்’ கட்டுரையிலிருந்து ஆரம்பியுங்கள். சில பக்கம்தான், 18 குறிப்புகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். குக் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக இருந்தவர். ஆனால் அவர் எழுதியது ஆலைக்கும் ரயிலுக்கும் அப்படியே பொருந்தும். எந்தப் பெரிய அமைப்பும் எந்நேரமும் பல ஓட்டைகளோடுதான் ஓடுகிறது என்கிறார். ஒரு ஓட்டையால் பேரழிவு வராது, பல ஓட்டைகள் ஒன்றுசேர வேண்டும். அப்படிச் சேரவிடாமல் அன்றாடம் சமாளிப்பது அங்கே வேலை செய்கிற ஆட்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ரயில்வே ஆட்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். செய்துங்கநல்லூர் போகும் வழியில் ஜல்லியெல்லாம் அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் 800 பேர். சோறு தண்ணியில்லாமல் தவித்தார்கள், ஆனால் மீட்கப்பட்டார்கள். வண்டியை நிறுத்திப் பேரழிவைத் தவிர்த்த இந்த மாதிரி வேலையைப் பற்றித்தான் குக் எழுதுகிறார். இப்படித் தவிர்த்தது எப்படி என்று விசாரிக்க யாரும் கமிஷன் போடுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்தது ஆண்ட்ரூ ஹாப்கின்ஸின் ‘லெசன்ஸ் ஃப்ரம் லாங்ஃபோர்டு’. ஒன்றே ஒன்றுதான் வாசிக்க முடியும் என்றால் இதை வாசியுங்கள். 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எஸ்ஸோ கம்பெனியின் எரிவாயு ஆலை வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். கிட்டத்தட்ட இரண்டு வாரம் மாநிலத்தில் அடுப்புக்கு கேஸ் இல்லை. நடந்தது இதுதான்: சூடான எண்ணெயை ஓட்டும் பம்புகள் நின்றுபோயின. எப்போதும் 100 டிகிரி வாக்கில் சூடாக இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் இரும்புக் கலன்) மைனஸ் 48 டிகிரிக்கு இறங்கி, வெளியே பனி பிடித்தது. அந்தப் பனியை ஆட்கள் கண்ணால் பார்த்தார்கள். பம்பைச் சரிசெய்து மறுபடி சூடான எண்ணெயை விட்டார்கள். அந்தக் குளிரில் இரும்பு கண்ணாடி மாதிரி உடையும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கலன் பிளந்தது.

பயிற்சி கொடுத்திருந்தோம், ஆபரேட்டர்கள்தான் தப்பு செய்தார்கள் என்றது கம்பெனி. விபத்தை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன் அதை ஏற்கவில்லை. ஆலையிலிருந்த இன்ஜினியர்களை 1992இல் மெல்போர்னுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பகுதிக்குச் செய்ய வேண்டிய அபாய ஆய்வு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நடக்கவேயில்லை. இத்தனைக்கும் சிறு காயங்களின் கணக்கில் அந்தக் கம்பெனிக்கு நல்ல பெயர். வழுக்கி விழுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, கலன் வெடிக்காமல் பார்ப்பது வேறு என்று ஹாப்கின்ஸ் பொறுமையாக எடுத்துக்காட்டுகிறார். ‘இத்தனை நாள் விபத்தின்றி’ என்று கேட்டில் போர்டு வைக்கிற ஒவ்வொரு மேனேஜரும் இதை வாசிக்க வேண்டும்.

டிரெவர் கிளெட்ஸின் ‘வாட் வென்ட் ராங்?’ சின்னச் சின்னச் சம்பவங்களாகப் போகும். மெதுவாக வாசிப்பவர்களுக்குத் தோதானது. 1974இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். உடைந்த தற்காலிக பைபாஸ் குழாய்க்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். இல்லாத பொருள் கசியாது, அதனால் ஆபத்தான பொருளை முடிந்தவரை குறைவாக வையுங்கள் என்று கிளெட்ஸ் அதன் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்தது, பூச்சிமருந்து தயாரிப்பின் இடையில் உண்டாகிற ஒரு பொருள். ஒரே தொட்டியில் சுமார் 40 டன் வைத்திருந்தார்கள். குளிரூட்டும் கருவியை நிறுத்தியிருந்தார்கள். கசிகிற வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்டுக்கு 12 பேராக இருந்த ஆட்கள் 6 ஆகியிருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, யாரோ ஒரு தொழிலாளி செய்த நாசவேலை என்று கம்பெனி வாதாடியது.

சார்லஸ் பெரோவின் ‘நார்மல் ஆக்சிடென்ட்ஸ்’ (1984) கொஞ்சம் கடினம், ஆனால் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலையில் 1979இல் நடந்த விபத்து பற்றிய முதல் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். திறந்தபடி சிக்கிக்கொண்ட வால்வு மூடிவிட்டதாக கண்ட்ரோல் ரூம் விளக்கு காட்டியது. மூடச் சொல்லி உத்தரவு போனதைத்தான் அந்த விளக்கு காட்டும், வால்வு மூடியதை அல்ல. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணு மின்சாரமே வேண்டாம் என்று பெரோ முடிக்கிறார். கூடங்குளத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அவர் வாதத்தை முழுதாக வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது. டயேன் வாகன் எழுதிய ‘தி சேலஞ்சர் லாஞ்ச் டிசிஷன்’, வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் பற்றியது, அருமையான நூல்தான், ஆனால் தலையணை கனம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் மெயின்டனன்ஸ் ஆள் என்பதால் இன்னொன்று. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தட்டு வைத்து மூடியிருந்தார்கள். வேலை அன்றைக்கு முடியவில்லை. அந்த வேலையின் பெர்மிட் (வேலை செய்யக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) விவரம் ராத்திரி ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் ட்ரிப் ஆகி நின்றதும் இதை ஸ்டார்ட் செய்தார்கள், தட்டு வைத்து மூடிய இடத்தில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. லார்டு கல்லனின் விசாரணை அறிக்கை 1990இல் வந்தது. பெர்மிட், ஷிப்ட் மாற்றம் பற்றிய பகுதிகளை மட்டுமாவது வாசியுங்கள்.

வாசித்த பிறகு உங்கள் ஆலை விபத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். அன்றைக்கு எந்தெந்தப் பெர்மிட் முடிக்காமல் கிடந்தது, லாக் புக்கில் என்ன இருந்தது, யார் லீவு, எந்த கேஜ் ரொம்ப நாளாகவே தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று. உங்கள் நண்பருக்கு உடம்பு தேறியிருந்தால் அவரிடமும் கேளுங்கள், வால்வில் கை வைத்தபோது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் வாசிக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க. ஹாப்கின்ஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம்.